கம்பெனி பெயிண்டை விட்டுவிடாதே

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வண்டி நல்ல வண்டி. போனட்டும் டிக்கியும் மங்கிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, முழுசாக பெயிண்ட் அடித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். அது கம்பெனி பெயிண்ட். வெறும் பாடியாக இருக்கும்போதே சுமார் 140 டிகிரி சூட்டில் வைத்து இறுக்கியது. பிளாஸ்டிக், ரப்பர், வயரிங் எல்லாம் பூட்டிய வண்டியை எந்தப் பட்டறையிலும் அந்தச் சூட்டுக்குக் கொண்டுபோக முடியாது. நல்ல பெயிண்ட் பூத் இருக்கும் இடத்தில்கூட 60 டிகிரியை ஒட்டித்தான் காய வைப்பார்கள். இத்தனை வருஷம் பெயிண்ட் அடித்தே பிழைத்த நான் சொல்கிறேன், கம்பெனி பெயிண்ட் இருக்கும்வரை அதைக் காப்பாற்றத்தான் பார்க்க வேண்டும்.

மங்கலுக்குக் காரணம் நிறம் போனதில்லை. கருப்பு நிறத்துக்கு மேலே கண்ணாடி மாதிரி கிளியர் கோட் ஒன்று இருக்கிறது. வெயிலில் வட்ட வட்டமாகத் தெரிவதெல்லாம் அதன் மேல் விழுந்த மெல்லிய கோடுகள். உங்கள் அபார்ட்மெண்டில் காலையில் ஒரே வாளித் தண்ணீர், ஒரே துணியோடு பத்து வண்டியைத் துடைக்கிறார்கள் என்றாயே, அங்கேதான் வருகிறது. தூசியை நனைக்காமல் துடைத்தால் மணலை வைத்துத் தேய்ப்பதற்குச் சமம். அந்த அண்ணனிடம் தன்மையாகச் சொல், உள்ளேயும் கண்ணாடியும் மட்டும் துடைத்தால் போதும் என்று. அதற்காகக் காசைக் குறைக்காதே.

கிளியர் கோட்டின் கனம் பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான். ஒரு தலைமுடியின் பருமன்கூட இல்லை. பாலிஷ் என்பது அதில் கொஞ்சத்தைத் தேய்த்து எடுப்பது. எடுத்தது திரும்பி வராது. அதனால் எவ்வளவு குறைவாக எடுத்து வேலையை முடிக்கிறாய் என்பதுதான் கணக்கு.

முதலில் நிறையத் தண்ணீர் விட்டு, கார் ஷாம்பு போட்டு, நிழலில் கழுவு. பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டாம். காய்ந்ததும் கையில் ஒரு மெல்லிய பாலிதீன் பையை மாட்டிக்கொண்டு போனட்டைத் தடவிப் பார். சொரசொரவென்று இருந்தால் கழுவியும் போகாத அழுக்கு ஒட்டியிருக்கிறது. அதற்கு கிளே பார் என்று களிமண் கட்டி மாதிரி விற்கிறார்கள். ஷாம்பு தண்ணீரைத் தெளித்துவிட்டு, அழுத்தாமல் வழுக்கிக்கொண்டு போகவிடு. கட்டி கீழே விழுந்துவிட்டால் தூக்கிப் போட்டுவிடு, மண் ஒட்டியதை மறுபடி வண்டியில் வைக்கக் கூடாது.

அப்புறம் கீறல்களைப் பிரித்துப் பார். நகத்தைக் குறுக்கே லேசாக ஓட்டு. நகம் மாட்டவில்லை என்றால் பாலிஷுக்குப் போகும், முழுசாகப் போகாவிட்டாலும் நன்றாகக் குறையும். நகம் மாட்டினால் ஆழமானது, அதைத் துரத்தாதே. அந்த ஒரு கோட்டுக்காகச் சுற்றியிருக்கும் கிளியரையெல்லாம் இழந்துவிடுவாய்.

கடையில் ரப்பிங் காம்பவுண்ட் என்று கேட்டால் முரடான சரக்கைக் கொடுத்துவிடுவார்கள். கருப்பு வண்டியில் அது போடும் கோடுகளை எடுக்கவே இன்னொரு நாள் வேலை. நீ நைஸான பாலிஷிலேயே ஆரம்பி. அது பற்றவில்லை என்று கண்ணால் பார்த்த பிறகு ஒரு படி முரடானதற்குப் போகலாம். டூத்பேஸ்ட், மண்ணெண்ணெய் யோசனை எல்லாம் வேண்டாம். எண்ணெய்ப் பசை கோடுகளை மறைக்கும், இரண்டு கழுவலில் எல்லாம் திரும்பி நிற்கும்.

தகடு கை வைத்தால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். ஸ்பாஞ்ச் பேடில் நாலு சொட்டு பாலிஷ், ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி இடம், அதற்கு மேல் எடுக்காதே. விரல் நுனியால் அழுத்தாதே, விரல் பட்ட இடமெல்லாம் கோடாக விழும். உள்ளங்கை முழுவதும் பேடின் மேல் படியட்டும். முன்னும் பின்னும் நேராகத் தேய், பிறகு குறுக்கே. பாலிஷ் மெல்லிய படலமாக மாறும்போது சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துவிடு, காய்ந்து போகும்வரை விடாதே. பாலிஷின் எண்ணெய்ப் பசை போக, ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து ஒரு தடவை துடைத்து, செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார். அப்போது தெரிவதுதான் நிஜம்.

கதவு ஓரம், போனட்டின் மடிப்புக் கோடு, இங்கெல்லாம் பெயிண்ட் மெலிசாக இருக்கும். மாஸ்கிங் டேப் ஒட்டிவிடு. கருப்பு பிளாஸ்டிக் பட்டைகளுக்கும் ஒட்டு, பாலிஷ் பட்டால் வெள்ளையாய்ப் படிந்துவிடும். துணியைப் பார்த்துக்கொண்டே இரு. பழைய அம்பாசடரில் துணியில் நிறம் ஏறுவது சகஜம், அதில் கிளியர் கோட் கிடையாது. உன் வண்டியில் கருப்பு ஏறினால் உடனே நிறுத்து.

கையால் செய்தால் மிஷின் அளவுக்கு வராது, ஆனால் நிதானமாகச் செய்தால் பாதிக்கு மேல் மங்கல் போகும், பெயிண்டும் மிஞ்சும். ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதே. இந்த ஞாயிறு போனட் மட்டும். முடித்த பகுதியில் மெல்லிசாக வேக்ஸ் போடு. நீ இருப்பது கடலோரம், உப்புக் காற்று, அதோடு போர் தண்ணீர் வேறு. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேக்ஸ் போட்டே ஆக வேண்டும். காக்கை எச்சம் விழுந்தால் சுரண்டாதே, ஈரத் துணியைப் போட்டு ஊறவைத்து எடு.

இடது பக்கப் பின் கதவில் இருக்கும் நீளக் கீறலில் மட்டும் கை வைக்காதே. அடியில் வெள்ளையாகத் தெரிகிறது, நிறத்துக்கு அடியில் இருக்கும் பிரைமர் பூச்சுவரை போயிருக்கிறது. தகடே தெரிகிற புள்ளி ஏதாவது இருந்தால் உப்புக் காற்றில் சீக்கிரம் துரு ஏறும், அதற்கு மட்டும் இப்போதே டச்-அப் பெயிண்ட் வைத்துவிடு. மீதியைப் பொங்கலுக்கு வரும்போது நான் பார்த்துக்கொள்கிறேன். கதவுப் பக்கம் அல்லது போனட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும், வண்டியின் நிறத்தைக் குறிக்கும் எண்ணைப் (பெயிண்ட் code) படம் எடுத்து அனுப்பு, கலர் கலந்து வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா