கராகுச்சி காரமல்ல, சாக்கே சாராயமல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாத இதழின் உணவுப் பக்கத்தில், "டிரை சாக்கே என்பது ஜப்பானியர் சூடாக்கி ஒரே மடக்கில் விழுங்கும் காரமான சாராயம்" என்று ஒரு வரி வந்திருந்தது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். மனம் ஆறவில்லை.

சாராயம் காய்ச்சி வடிப்பது என்பது தாங்கள் அறியாததல்ல. ஜப்பானில் வடிப்பதற்கு ஷோச்சு என்று பெயர். சாக்கே வேறு. ஆவியில் வெந்த அரிசியில் கோஜி என்னும் பூஞ்சையை வளர்த்து, தண்ணீரும் ஈஸ்ட்டும் சேர்த்துப் புளிக்கவைத்துப் பிழிவது. இந்தக் கைத்திறனை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. தங்கள் இதழில் அது சாராயமாகிவிட்டது.

'டிரை' என்பதற்கு ஜப்பானியர் சொல்லும் 'கராகுச்சி' என்பதை 'காரம்' என்று எழுதியதுதான் என்னை அதிகம் வருத்தியது. அதிலுள்ள 'கராய்' என்ற சொல் மிளகாய்க்கும் வரும். மதுவுக்கு வரும்போது இனிப்பு அடங்கியது என்று பொருள். கூடவே, காரசாரமான வறுவலோடு பொருந்தும் என்று யோசனை வேறு. ஊரிலிருந்து வந்திருந்த என் அண்ணன் மகன் மிளகாய் வறுவலோடு அதைக் குடித்துவிட்டு, நாக்கு எரிந்து தயிர் கேட்டு நின்றதைக் கண்ணால் பார்த்தவள் நான்.

திருமணமாகி 1991இல் கோபே நகருக்கு வந்தேன். எங்கள் வீடு நாடா பகுதியில், மிகாகே அருகில். பக்கத்து வீட்டுப் பெரியவர் தம்பா மலைப் பக்கத்து விவசாயி. குளிர்காலந்தோறும் இங்கே வந்து சாக்கே ஆலையில் உழைத்து, பிறகு இங்கேயே தங்கிவிட்டவர். அடியில் இரண்டு நீல வளையம் போட்ட வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தை அவர்தான் எனக்குக் காட்டினார். வெள்ளையில் நிறத்தைப் பார்க்க வேண்டும். நீலத்தின் ஓரம் மங்காமல் தெரிகிறதா என்று தெளிவைப் பார்க்க வேண்டும். பிறகு ஒரு வாய், காற்றையும் சேர்த்து உறிஞ்சி, நாக்கு முழுக்கப் பரவவிட்டு. புட்டியில் +5, +8 என்று போட்டிருந்தால் இனிப்பு குறைவு என்று கணக்கு. ஆனால் புளிப்பையும் பார்க்காமல் எண்ணை நம்பாதே என்பார்.

இங்கே சாக்கேக்குப் பயன்படும், பக்கத்து நகரான நிஷினோமியாவின் 'மியாமிசு' ஊற்றுநீரில் தாது அதிகம், இரும்பு மிகக் குறைவு. அந்தத் தாதுவால் ஈஸ்ட் வேகமாக வேலை செய்து சர்க்கரையைத் தின்றுவிடுவதால்தான் எங்கள் பகுதிச் சாக்கே இனிப்பில்லாமல் நிற்கிறது. உப்பிட்டுச் சுட்ட அயிலை மீன், பக்கத்தில் துருவிய முள்ளங்கி, சுமார் 40 டிகிரிக்கு வெதுவெதுப்பாக்கிய கராகுச்சி. மீனின் எண்ணெய் அண்ணத்தில் படிந்திருக்கும்போது ஒரு மிடறு. எண்ணெய் போய்விடும், மீனின் ருசி இருக்கும், மதுவின் சுவை சட்டென்று நின்றுவிடும். அந்த நிற்றலை 'கிரே', வெட்டு, என்பார்கள். ஒரே மடக்கில் விழுங்குகிறவருக்கு இது எங்கே தெரியும்?

1995 ஜனவரி 17 விடியற்காலை நிலநடுக்கத்தில் நாடாவின் பழைய மர ஆலைகள் பல இடிந்து விழுந்தன. பெரியவர் உழைத்த ஆலையும் விழுந்தது. உடைந்த ஓடுகளின் நடுவே அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி வெகுநேரம் நின்றிருந்தார். அவர் வாழ்நாள் உழைப்புக்கு என் தாய்மொழியில் கிடைத்த பெயர் சாராயம் என்று நான் எப்படி ஏற்பேன்?

இது முதல் முறையுமல்ல. சில ஆண்டுகளுக்கு முன் சுஷி என்றால் பச்சை மீன் என்று எழுதினீர்கள். வினிகர் கலந்த சோறு சேர்ந்தால்தான் சுஷி. மீன் மட்டும் என்றால் சஷிமி. அப்போதும் கடிதம் எழுதினேன், பதிலில்லை. பிறகு ஜப்பான் சிறப்பிதழில் சாக்கே புட்டி என்று போட்ட படத்தில் இருந்தது ஷோச்சு. பெயர்ச்சீட்டிலேயே அது அச்சாகியிருந்தது. மதுவைப் பற்றி எழுதவே கூடாது என்போர் இருக்கலாம். அது அவர்கள் கொள்கை. எழுதுவதென்று முடிவு செய்தபின் கேட்டு எழுதுங்கள்.

அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் வெளியிடுங்கள். இடமில்லையென்றால் 'சாராயம்' என்ற அந்த ஒரு சொல்லுக்காவது.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
கோபே, ஜப்பான்