ஆறு பவுண்ஸ் வைனிலை வைன் எவ்வளவு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன கிழமைப் பேப்பரிலை, மலிவு வைனும் விலை கூடின வைனும் ஒண்டுதான், கூடக் காசு குடுக்கிறவன் பேயன் எண்ட மாதிரி ஒரு கட்டுரை போட்டிருந்தியள். எங்கட ஆக்களுக்கு அதை வாசிக்க நல்ல புளுகம்தான். அரைவாசி சரி, நான் மறுக்கேல்லை, ஆனா மற்ற அரைவாசியை நம்பி இனிச் சனம் அடித்தட்டிலை கிடக்கிறதைத்தான் தூக்கப் போகுது, அதாலைதான் எழுதுறன். நான் வைன் படிச்ச ஆள் இல்லை, லண்டனிலை ஆஃப் லைசன்ஸ் எண்ட குடிவகைக் கடை வைச்சிருந்தனான், கேஷ் அண்ட் கேரி மொத்தக் கடை பில்லுகளைப் பார்த்துப் பார்த்து வந்த அறிவுதான்.

உங்கட கட்டுரையிலை டூட்டியைப் பற்றி, அதுதான் குடிவகைக்கு அரசாங்கம் போடுற வரியைப் பற்றி, ஒரு சொல்லும் இல்லை. இந்த நாட்டிலை வைனுக்கு டூட்டி விலையைப் பார்த்துப் போடுறேல்லை, அதிலை எவ்வளவு அல்ககோல் இருக்கு எண்டு பார்த்துத்தான் போடுறது. 2025 பெப்ரவரி 1ஆம் திகதி வந்த ரேட்டின்படி 13 வீதம் அல்ககோல் உள்ள ஒரு போத்தலுக்கு ஏறத்தாழ 2 பவுண்ஸ் 88 பென்ஸ் வந்தது. ஆறு பவுண்ஸ் வைனுக்கும் அதுதான், அறுநூறு பவுண்ஸ் வைனுக்கும் அதுதான். அதுக்கு மேலை 20 வீதம் வாட் எண்ட விற்பனை வரி, அந்த வாட் டூட்டிக்கும் சேர்த்துத்தான், வரிக்கு வரி! அந்த ரேட்டிலை ஆறு பவுண்ஸ் போத்தலை எடுங்கோ, வாட் ஒரு பவுண் (வாட் சேராத ஐஞ்சு பவுண்ஸிலை 20 வீதம்), டூட்டி 2.88, மிஞ்சுறது 2.12. அதுக்குள்ளை போத்தல், லேபல், மூடி, கப்பல் செலவு, இறக்கிறவன்ர லாபம், கடைக்காரன்ர மார்ஜின் எல்லாம் போய் முந்திரிகைத் தோட்டக்காரனுக்கு எத்தினை பென்ஸ் போகும் எண்டு நீங்களே யோசியுங்கோ. ஐஞ்சு பவுண்ஸ் எண்டால் மிஞ்சுறது 1.29தான், அதைப் பற்றிக் கதைச்சு வேலை இல்லை.

அதையே 12 பவுண்ஸ் ஆக்கினால் வாட் 2, டூட்டி அதே 2.88, மிச்சம் 7.12. விலை ரெண்டு மடங்கு, வைன் பக்கம் போற காசு மூண்டு மடங்குக்கும் மேலை. 24 ஆக்கினால் மிச்சம் 17.12, அதுவும் கூடுதுதான், ஆனா முதல் பாய்ச்சல் மாதிரி இல்லை. என்னைக் கேட்டால் வீட்டிலை குடிக்க 9இலை இருந்து 13 பவுண்ஸ் வரைக்கும்தான் காசுக்குப் பெறுமதி. அதுக்கு மேலை போகப்போகப் பேருக்கும் இடத்துக்கும்தான் கூடக் காசு, பிரான்சிலை பேர்போன வைன் இடமான பர்கண்டியிலை காணி என்ன விலை, போர்த்துக்கல்லிலை என்ன விலை! வைனை வைச்சுப் பதப்படுத்திற புது பிரெஞ்சு ஓக் மரப் பீப்பாவும் லேசுப்பட்ட விலை இல்லை, 225 லீட்டர் பீப்பா ஒண்டிலை 300 போத்தல்தான் வரும், மலிவு வைனுக்கு அது கட்டாது, ஓக் சீவலைப் போட்டு வாசம் ஏத்துவினம்.

இப்ப கட்டுரையிலை சரியான பக்கத்துக்கு வாறன். 2008இலை அமெரிக்காவிலை கால்டெக் பல்கலைக்கழக ஆக்கள் ஒரே வைனை ஒருக்கா 10 டொலர் எண்டும் ஒருக்கா 90 டொலர் எண்டும் சொல்லிக் குடுத்து மூளையை ஸ்கான் எடுத்துப் பார்த்தவை, 90 எண்டு சொன்னால் ருசி கூட எண்டு சனம் சொல்லினது மட்டும் இல்லை, மூளையிலையும் அந்தச் சந்தோசம் தெரிஞ்சது. விலை தெரியாமல் குடிச்ச ஆறாயிரத்துக்கு மேற்பட்ட டேஸ்டிங்குகளை வைச்சு அதே வருசம் வந்த இன்னொரு ஆய்விலை, பழக்கம் இல்லாத ஆக்களுக்கு விலை கூடினது ஒரு சொட்டுக் குறைவாத்தான் பிடிச்சிருக்கு. ருடி குர்னியவான் எண்ட ஒருத்தர் கலிபோர்னியாவிலை வீட்டிலை இருந்து வைனைக் கலந்து, பழைய பர்கண்டி எண்டு லேபல் ஒட்டிக் கோடீஸ்வரருக்கு வித்தவர், 2012இலை பிடிபடும் வரைக்கும் நல்லாத்தான் ஓடினது, 2014இலை பத்து வருசம் ஜெயில் கிடைச்சது. அதாலை ஐம்பது, நூறு எண்டு குடுக்காதேங்கோ எண்டு நீங்கள் சொன்னால் நானும் கையைத் தூக்குவன். ஆனா அதை வைச்சு ஐஞ்சு பவுண்ஸுக்கு வாங்கு எண்டு சொல்லுறது வேற கதை.

எங்கட வீடுகளிலை இன்னொரு கூத்து. ஆரோ பிறந்தநாளுக்குத் தந்த போத்தல், பெரிய சாமான் எண்டு நினைச்சு டீவிக்குப் பக்கத்திலை சோகேஸிலை நிமித்தி வைச்சிருப்பினம், ஹீட்டர் அடிக்க அடிக்கப் பத்து வருசம் கிடக்கும், பிறகு அதையே இன்னொருத்தருக்குக் குடுப்பினம். வைன் எல்லாம் பழசாகப் பழசாக நல்லா வரும் எண்டு ஆர் சொன்னது? கடையிலை 15 பவுண்ஸுக்குக் கீழை விக்கிறது முக்கால்வாசியும் ரெண்டு மூண்டு வருசத்துக்குள்ளை குடிக்கத்தான் செய்யிறது. தந்தால் திறவுங்கோ.

சாப்பாட்டையும் பாருங்கோ. நண்டுக்கறிக்கும் கணவாய்ப் பிரட்டலுக்கும் 40 பவுண்ஸ் போர்தோ எண்ட பிரெஞ்சு சிவப்பு வைன் வாங்கிறது வீண், உறைப்போடை அந்தத் துவர்ப்பும் சேர்ந்தால் வாய் எரியும், வைன்ர ருசி ஒண்டும் விளங்காது. கொஞ்சம் இனிப்பான ரீஸ்லிங் எண்ட வெள்ளை வைன், ஜெர்மனி மோசல் பக்கத்தது, அல்ககோலும் குறைவு, அதாலை டூட்டியும் குறைவு, பத்துப் பன்னிரண்டு பவுண்ஸுக்கு எடுக்கலாம்.

கலியாண வீட்டுக்காரருக்கும் ஒண்டு, மேசைக்கு மேசை ஷாம்பெயின் வைக்க வேண்டும் எண்டு கடன்படாதேங்கோ. பிரான்சிலையே க்ரெமோன் எண்டு இருக்கு, ஷாம்பெயின் மாதிரியே போத்தலுக்குள்ளை ரெண்டாம் முறை புளிக்க வைச்சுத்தான் செய்யிறது, கிட்டத்தட்ட அரைவாசி விலைக்கு வாங்கலாம். டோஸ்டுக்குக் கிளாஸைத் தூக்கிற நேரம் ஒருத்தரும் லேபல் பார்க்கிறேல்லை, பார்க்கிற மாமா ஒராள் இருந்தால் அவருக்கு விஸ்கி குடுங்கோ.

அடுத்த முறை உப்பிடிக் கட்டுரை போடேக்கை அந்த டூட்டிக் கணக்கையும் பக்கத்திலை ஒரு பெட்டி கட்டிப் போட்டு விடுங்கோ.

இப்படிக்கு,
முந்திக் கடை வைச்சிருந்த வாசகர்,
ஹரோ, லண்டன்