நில ஒருங்கிணைப்புச் சட்டத்தைத் திரும்பப் பெற வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழ்நாடு நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்களுக்கான) சட்டம் 2023 ஏப்ரல் 21 அன்று சட்டமன்றத்தில் விவாதமின்றி நிறைவேறியது. பிறகு ஆளுநரின் ஒப்புதலும் கிடைத்தது. டெல்டா விவசாயிகள் அன்று முதல் இதை எதிர்த்து வருகிறார்கள். எதிர்ப்பு வெறும் அச்சத்தால் வந்ததல்ல. காவிரித் தண்ணீர் தலைமடையிலிருந்து கடைமடைக்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்று தெரிந்தவர்கள் யாரும் இந்தச் சட்டத்துக்குச் சம்மதிக்க முடியாது.

நூறு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் வரும் ஒரு திட்டத்தை அரசு 'சிறப்புத் திட்டம்' என்று அறிவிக்கலாம். அந்த நிலத்துக்குள் ஏரி, குளம், வாய்க்கால், ஓடை எது இருந்தாலும் அதையும் திட்ட நிலத்தோடு ஒருங்கிணைக்கலாம். நிலத்துக்கு நிலம் மாற்றிக்கொள்ளலாம். நான்கு பேர் கொண்ட நிபுணர் குழு பரிசீலிக்கும். நீர்நிலைப் புறம்போக்கைத் தனியாருக்குத் தர முடியாது என்பதுதான் இத்தனை காலம் ஊருக்கு இருந்த ஒரே பிடிமானம். ஏரிகளைப் பாதுகாத்து ஆக்கிரமிப்பை அகற்ற 2007இல் இதே சட்டமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. ஊர்ப் பொது நிலங்களை மீட்க எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்று 2011இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அவற்றுக்கு நேர் எதிரான திசையில் போகிறது 2023ஆம் ஆண்டுச் சட்டம்.

'கொள்ளளவும் நீரோட்டமும் குறையக் கூடாது என்று நிபந்தனை இருக்கிறதே' என்கிறார்கள் ஆதரிப்பவர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 ஹெக்டேர் பரப்பில் ஒரு மீட்டர் ஆழம் நிற்கும் ஏரியின் கொள்ளளவு ஒரு லட்சம் கன மீட்டர். இரண்டரை ஹெக்டேரில் நான்கு மீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டினாலும் அதே ஒரு லட்சம் கன மீட்டர்தான். தாளில் இரண்டும் ஒன்று. ஆனால் மதகின் அடிமட்டத்துக்குக் கீழே நிற்கும் தண்ணீர் தானாக வயலுக்குப் பாயாது. இன்ஜின் வைத்துத்தான் இறைக்க வேண்டும். கடலோர வட்டங்களில் நான்கு மீட்டர் தோண்டினால் பல இடங்களில் உவர்நீர் ஊறும். நல்ல தண்ணீரும் அதோடு கெடும். பரப்பு குறைந்தால் ஆவியாவது குறையும் என்பது உண்மை. அந்த லாபத்தை வைத்து ஆயக்கட்டில் (ஏரியால் பாசனம் பெறும் வயல்களில்) ஒரு மா நிலத்துக்குக்கூடத் தண்ணீர் கட்ட முடியாது. பரப்பையும் சேர்த்து அதே 10 ஹெக்டேரை வேறோர் இடத்தில் கொடுத்தாலும், அந்த இடம் வரத்து வாய்க்காலுக்குத் தாழ்வாகவும் ஆயக்கட்டுக்கு மேடாகவும் இருந்தால்தான் அது பாசன ஏரி. அப்படிப்பட்ட இடங்களில் முன்னோர் ஏற்கெனவே ஏரி வெட்டிவிட்டார்கள்.

வாய்க்காலை நகர்த்துவது இதைவிட மோசம். தஞ்சாவூருக்குக் கிழக்கே நிலம் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூடச் சரிவதில்லை. ஒரு கிலோமீட்டர் நீளத்தில் 30 சென்டிமீட்டர் இறங்கும் வாய்க்காலை, திட்ட வளாகத்தைச் சுற்றிக்கொண்டு ஒன்றரை கிலோமீட்டருக்கு வளைத்து விட்டால், இறக்கம் அதே 30 சென்டிமீட்டர். தூரம் மட்டும் கூடிவிடும். வாட்டம், அதாவது சரிவு, மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. அதே குறுக்களவில் ஓட்டத்தின் வேகம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். வேகம் குறைந்த இடத்தில் எக்கல் (வண்டல்) படியும். எக்கல் படிந்த இடத்தில் வெங்காயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அடைத்துக்கொள்ளும். மறு ஆண்டு தூர் வாரினால் சரியாகிவிடும் என்று சொல்ல முடியாது. வாட்டம் கெட்ட வாய்க்கால் வாரிய பிறகும் மறுபடி அதே இடத்தில்தான் மேடிடும். செங்கோணத் திருப்பங்களில் வெளிக்கரை அரிக்கும். முறை வைத்துத் தண்ணீர் விடும் காலத்தில் கடைமடைக்காரருக்கு முறை முடிந்த பிறகுதான் தண்ணீர் எட்டிப்பார்க்கும்.

வடிகாலுக்கும் இதே கதிதான். மேலூரின் வடிகால் கீழூருக்குப் பாசன வாய்க்கால் என்பதே இங்குள்ள அமைப்பு. ஒன்றைத் தொட்டால் இரண்டும் கெடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சம்பா தூர் கட்டும் பருவத்தில் இருக்கும். அப்போது ஒரு வாரம் பயிர் மூழ்கிக் கிடந்தால் வேர் அழுகிவிடும். நான்கு பேர் குழு நில வரைபடத்தோடு கோடையில் வந்து பார்த்தால் இது தெரியாது. குழு எந்த மாதத்தில் களத்துக்கு வர வேண்டும் என்பதையாவது சட்டம் சொல்லியிருக்கலாம்.

இனி, வாய் பேசாதவற்றின் பங்கு. வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் ஆகிய இரண்டு பறவைகள் சரணாலயங்களும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்தன. இரண்டுமே பாசன ஏரிகள். சரணாலய எல்லைக்குள் யாரும் கை வைக்க மாட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். பறவை கூடு கட்டுவது எல்லைக்குள். இரை தேடுவது வெளியே, வயலிலும் ஊர்க் குளத்திலும் வாய்க்கால் ஓரத்திலும். நத்தைகுத்தி நாரையைக் கிட்டத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அதன் அலகு நுனியில்தான் சேரும், நடுவில் இடைவெளி இருக்கும். ஓட்டுக்குள்ளிருந்து நத்தைச் சதையை வெட்டி இழுப்பதற்கு வாய்த்த அலகு அது. அந்த நத்தை ஆழம் குறைந்த சேற்று நீரில்தான் கிடைக்கும். நான்கு மீட்டர்க் குழியின் செங்குத்தான கரையில் நாரை நிற்கவே இடமில்லை. இன்னொன்றும் உண்டு. கூடு இருக்கும் மரத்தின் அடியில் தண்ணீர் நிற்கும் வரைதான் குஞ்சுகளுக்குக் காவல். வரத்து வாய்க்கால் மெலிந்து ஏரி முன்கூட்டியே வற்றினால் நாயும் நரியும் மரத்தடிக்கே வந்துவிடும். சரணாலயத்தைத் தொடாமலேயே சரணாலயத்தை அழிக்க முடியும் என்பது இதனால்தான்.

வெண்ணாற்றுப் பிரிவின் கோரையாறு, பாமணியாறு போன்றவை முத்துப்பேட்டை காயலில் போய் விழுகின்றன. அங்குள்ள அலையாத்திக் காட்டுக்கு ஆற்றின் நன்னீரும் கடலின் உப்புநீரும் கலந்து கிடைக்க வேண்டும். நன்னீர் வரத்து குறைந்தால் உவர்ப்பு ஏறிக் கன்றுகள் பிழைக்காது. இறாலும் மீன்குஞ்சும் வளரும் இடம் சுருங்கும்.

'டெல்டாதான் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாயிற்றே' என்று கேட்கலாம். 2020ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் ஹைட்ரோகார்பன் கிணறுகள், தாமிரம், அலுமினியம் உருக்காலைகள், தோல் பதனிடும் ஆலைகள் எனப் பட்டியலில் உள்ள தொழில்களைத்தான் தடுக்கிறது. வீட்டுமனை நகரம், கிடங்கு வளாகம், கேளிக்கைப் பூங்கா எதுவும் அந்தப் பட்டியலில் வராது. மத்திய அரசின் 2017 சதுப்புநில விதிகளை நம்பலாமா? பாசனத்துக்காக வெட்டிய ஏரி, உப்பளம், ஆற்றுப் போக்கு, நெல்வயல் எல்லாவற்றையும் அந்த விதிகள் சதுப்புநிலம் என்ற வரையறைக்கு வெளியே நிறுத்திவிட்டன. ராம்சர் தளங்களைக் கழித்துவிட்டால் டெல்டாவில் மிச்சமிருப்பது பெரும்பாலும் இவைதான். 2010 விதிகளில் ஏரிகளுக்கு இடம் இருந்தது.

ஆகவே 2023ஆம் ஆண்டுச் சட்டத்தை அரசு முழுமையாகத் திரும்பப் பெற வேண்டும். அதுவரை வேளாண் மண்டலத்துக்குள்ளும் பறவைகள் சரணாலயங்களின் வரத்து, வடிகால் வாய்க்கால்கள் ஓடும் ஊர்களிலும் எந்த விண்ணப்பத்தையும் ஏற்கக் கூடாது.

ஊராட்சிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஆறு கிராமசபைகள் கூடுகின்றன. அடுத்த கூட்டத்துக்கு முன் கிராம நிர்வாக அலுவலரிடம் ஊர் நிலங்களின் விவரம் உள்ள 'அ' பதிவேட்டைப் பார்த்து, ஏரி, குளம், வாய்க்கால் என்று பதிவான ஒவ்வொரு புல எண்ணையும் பரப்போடு எழுதிக்கொள்ளுங்கள். புலப்பட நகலை எடுத்துக் களத்தில் நடந்து ஒப்பிடுங்கள். பட்டா நிலத்துக்குள் ஓடும் பாய்ச்சல்கால்கள் பதிவேட்டில் இருக்காது. அவற்றைத் தனியாகக் குறியுங்கள், முதலில் காணாமல் போவது அவைதான். 'நீர்நிலைகளைக் காக்க வேண்டும்' என்று பொதுவாகத் தீர்மானம் போட்டால் கோப்பில் தூங்கும். புல எண், பரப்பு, மதகு எண்ணிக்கை, ஆயக்கட்டு ஏக்கர், எந்த ஆற்றிலிருந்து வரத்து, எந்த வடிகாலில் போக்கு என்று எழுதி, இவற்றில் எதையும் இடம் மாற்றவோ ஒருங்கிணைக்கவோ இந்த ஊர் சம்மதிக்கவில்லை என்று தீர்மானம் நிறைவேற்றுங்கள். நகலை ஆட்சியரின் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்து ஒப்புகை பெற்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பாசன விவசாயிகளும் பறவை ஆர்வலர்களும்,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்.