யெல்லோஸ்டோன் எந்த மாநிலத்தில் இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் பிள்ளைகளின் வீட்டுக்கு வந்து சில மாதங்கள் தங்கிச் செல்லும் பெற்றோருக்காக, அந்நாட்டுத் தேசியப் பூங்காக்களை மாநிலவாரியாகத் தொகுத்துத் தரும் தமிழ்ப் பட்டியல்கள் அவ்வப்போது கண்ணில் படுகின்றன. நல்ல முயற்சிதான். ஆனால் நான் பார்த்தவற்றில் பல, ஒரு பூங்காவை ஒரே ஒரு மாநிலத்தின் கீழ் வைத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகின்றன. எழுத்துப் பிழை போல எளிதில் கடந்துவிடக்கூடிய தவறு அன்று இது. பயணம் கிளம்புகிறவரைத் திசைமாற்றிவிடக்கூடியது. சரியான விவரத்தை அந்நாட்டின் தேசியப் பூங்காச் சேவையே தனது ஏ.பி.ஐ. (ஒரு நிரல் இணையம் வழியாகத் தரவைக் கேட்டுப் பெறும் வசதி) வழியாக இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது இந்தத் தவறு நீடிக்க வேண்டியதில்லை என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நானும் இதே தவறைச் செய்தவன். நிரல் எழுதுவது என் தொழில். தெரிந்த குடும்பங்களுக்காக ஒரு பட்டியல் தயாரித்தபோது, ஏ.பி.ஐ. தந்த பதிலில் ஒவ்வொரு பூங்காவுக்கும் இருந்த அஞ்சல் முகவரியிலிருந்து மாநிலத்தின் பெயரை எடுத்துக்கொண்டேன். யெல்லோஸ்டோனின் தலைமையகம் வயோமிங்கில் இருப்பதால் பூங்காவும் அந்த மாநிலத்தோடு நின்றுவிட்டது. மொன்டானாவில் மகள் வீட்டில் தங்கியிருந்த பெரியவர் ஒருவர், "இங்கிருந்து காரில் போய் வரலாம் என்கிறார்களே, உங்கள் பட்டியலில் எங்கள் மாநிலத்தில் அது இல்லையே தம்பி?" என்று கேட்ட பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். அதே பதிலில் சில வரிகள் தள்ளி, 'ஸ்டேட்ஸ்' என்ற தனிப் புலத்தில் (தரவின் ஒரு கட்டத்தில்) ஐடஹோ, மொன்டானா, வயோமிங் மூன்றின் குறியீடுகளும் காற்புள்ளியிட்டு வரிசையாக இருந்தன.

பூங்காவின் பரப்பில் ஏறத்தாழ 96 விழுக்காடு வயோமிங்கில்தான் இருக்கிறது என்பது உண்மை. மொன்டானாவில் 3 விழுக்காடு, ஐடஹோவில் 1 விழுக்காடு. ஆனால் பூங்காவின் ஐந்து வாயில்களில் மூன்றை அடைவதற்கு மொன்டானா வழியாகவே போக வேண்டும். குளிர்காலத்தில் உள்சாலைகளில் பெரும்பாலானவை பொது வாகனங்களுக்கு மூடப்பட்டுவிடும். அப்போதும் கார்கள் நுழைய முடிகிற வடக்கு வாயில் மொன்டானாவின் கார்டினர் ஊரை ஒட்டியிருக்கிறது. வயோமிங் என்று மட்டும் எழுதிய பட்டியலை நம்பிக் குளிர்காலத்தில் தெற்கு வாயிலுக்குக் காரில் போகிறவர் அங்கிருந்து திரும்பத்தான் வேண்டும்.

இந்தச் சிக்கலின் வேர் வரலாற்றில் இருக்கிறது. யெல்லோஸ்டோன் 1872 மார்ச் 1 அன்று அமைக்கப்பட்டபோது இம்மூன்றில் எதுவும் மாநிலமாக இருக்கவில்லை. மொன்டானா 1889-லும், ஐடஹோவும் வயோமிங்கும் 1890-லும்தான் மாநிலங்களாயின. அவை மாநிலங்களாகும் முன்பே, ஆட்சிப்பகுதிகளாக இருந்தபோதே வரையப்பட்டிருந்த எல்லைக்கோடுகளைப் பொருட்படுத்தாமல், ஆறுகளையும் ஏரியையும் அடையாளமாகக் கொண்டு பூங்காவின் எல்லை போடப்பட்டது. வேறு இடங்களிலும் இதே நிலைதான். கிரேட் ஸ்மோக்கி மலைகள் பூங்காவின் பகுதிகள் வட கரோலினாவிலும் டென்னசியிலும் பரவியிருக்கின்றன. டெத் வேலி கலிபோர்னியாவிலிருந்து நெவாடாவுக்குள் நீள்கிறது. பூங்காச் சேவையின் பொறுப்பில் உள்ள அப்பலாச்சியன் நெடும்பாதை என்ற நடைபயணப் பாதையோ 14 மாநிலங்களைக் கடக்கிறது.

ஏ.பி.ஐ. இதைச் சரியாகவே கையாளுகிறது. கோரிக்கையோடு அனுப்பும் 'ஸ்டேட்கோடு' என்ற பாராமீட்டரில் மாநிலத்தின் இரண்டெழுத்துக் குறியீட்டைக் கொடுத்தால், அந்த மாநிலத்தில் ஒரு பகுதியேனும் இருக்கும் எல்லா இடங்களும் ஜேசான் என்ற, நிரல்கள் எளிதில் படிக்கும் தரவு வடிவில் வந்து சேரும். மொன்டானாவைக் கேட்டாலும் யெல்லோஸ்டோன் வரும், ஐடஹோவைக் கேட்டாலும் வரும். ஆகவே மாநிலவாரி எண்ணிக்கைகளைக் கூட்டி நாட்டின் மொத்தம் இது என்று எழுதக் கூடாது. அப்பலாச்சியன் பாதை மட்டுமே 14 முறை எண்ணப்பட்டுவிடும். மொத்தம் வேண்டுமானால், ஒவ்வோர் இடத்துக்கும் உள்ள நான்கெழுத்துப் பூங்காக் குறியீட்டைக் கொண்டு, மீண்டும் மீண்டும் வருபவற்றை நீக்கிய பிறகே எண்ண வேண்டும்.

இன்னொரு குழப்பம் பெயரைச் சார்ந்தது; இதில்தான் மிகுதியானோர் வழுக்குகிறார்கள். பூங்காச் சேவையின் பொறுப்பில் 430-க்கும் மேற்பட்ட இடங்கள் உள்ளன. போர்க்களங்கள், நினைவிடங்கள், கடற்கரைகள் எல்லாம் அவற்றில் அடக்கம். 'தேசியப் பூங்கா' என்ற தகுதி பெற்றவை 63 மட்டுமே. ஏ.பி.ஐ. பதிலில் 'டெசிக்னேஷன்' என்ற புலம் இந்தத் தகுதியைச் சொல்கிறது. ஆனால் அதில் 'நேஷனல் பார்க்' என்று மட்டும் உள்ளவற்றைப் பொறுக்கினால் கணக்கு குறைந்துவிடும். அலாஸ்காவின் எட்டுத் தேசியப் பூங்காக்களில் கீனாய் ஃபியோர்ட்ஸ், கோபுக் வேலி இரண்டு மட்டுமே அந்தச் சல்லடையில் தங்கும். டெனாலி உள்ளிட்ட மற்ற ஆறும் 'நேஷனல் பார்க் அண்ட் பிரிசர்வ்' என்று குறிக்கப்பட்டிருப்பதால் விழுந்துவிடும். கலிபோர்னியாவில் செக்கோயாவும் கிங்ஸ் கேன்யனும் இரண்டு பூங்காக்களாக இருந்தும் ஒரே பதிவாக வருகின்றன. அலாஸ்காவில் இரண்டே தேசியப் பூங்காக்கள் என்று அச்சில் வந்துவிட்டால், படிக்கிற மாணவர் அதை அப்படியே மனத்தில் பதித்துக்கொள்வார் என்பதுதான் என் கவலை.

இதைச் செய்ய முன்வரும் இளைஞர்களுக்கு இரண்டொரு குறிப்புகள். ஏ.பி.ஐ. கீ (அந்த வசதியைப் பயன்படுத்தத் தரப்படும் அடையாளக் குறியீடு) பெற மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்துப் பதிவு செய்தால் போதும். பணம் கட்ட வேண்டியதில்லை. ஒரு மணி நேரத்துக்கு ஆயிரம் கோரிக்கைகள் என்ற வரம்பு இத்தகைய பட்டியலுக்குத் தாராளம். எண்ணிக்கை குறிப்பிடாமல் கேட்டால் முதல் 50 பதிவுகள்தாம் வரும் என்பதால், பதிலின் தொடக்கத்தில் உள்ள 'டோட்டல்' மதிப்போடு கையில் வந்ததை ஒப்பிட்டுப் பார்க்காமல் எதையும் வெளியிடாதீர்கள். ஒரு மாநிலத்தை மட்டும் கேட்கும்போது இந்தக் குறை தெரியாது. பல மாநிலங்களைச் சேர்த்துக் கேட்கும்போது பட்டியலின் கடைசிப் பகுதி சத்தமின்றிக் காணாமல் போயிருக்கும். சாலை மூடல், காட்டுத்தீ போன்ற எச்சரிக்கைகள் 'அலர்ட்ஸ்' என்ற தனி முகவரியில் கிடைக்கின்றன. அவற்றையும் மாநிலவாரியாகவே கேட்டுப் பெறலாம். நாளுக்கு நாள் மாறக்கூடியவை என்பதால், அவற்றை ஒருமுறை எடுத்துச் சேமித்து வைத்துக்கொள்வது ஆபத்தானது.

தங்கள் நாளிதழ் இத்தகைய அட்டவணையை வெளியிடும்போது, பூங்காவின் பெயருக்கு எதிரே அது தொடும் எல்லா மாநிலங்களையும் ஒரு பத்தியில் தருமாறும், தரவு எடுக்கப்பட்ட தேதியை அடியில் அச்சிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன். பட்டியல் 63 தேசியப் பூங்காக்களைப் பற்றியதா, சேவையின் எல்லா இடங்களையும் பற்றியதா என்பதைத் தலைப்பிலேயே சொல்லிவிட்டால், படிப்பவர் எண்ணிப் பார்த்துக் குழம்ப மாட்டார்.

இங்ஙனம்,
தங்கள் வாசகர்