ஈஸ்ட் ஹாமில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் இருவரும் நலம். அம்மாவின் முழங்கால் நீ பார்த்துவிட்டுப் போனபடியே இருக்கிறது. மார்கழியில் நீங்கள் இருவரும் வந்து போன பிறகு நீ தைப்பொங்கலுக்கும் அழைக்கவில்லை, வருடப்பிறப்புக்கும் அழைக்கவில்லை; வேலை அதிகமாக இருக்கும் என்று அம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அதைப் பற்றி நான் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அன்று காரில் உன்னோடு வந்த அந்தத் தம்பி சொல்லிச் சிரித்த ஊர்ப்பெயர்களைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். அவர் எல்லாவற்றையும் பிழையாகவே விளங்கிக்கொண்டு லண்டனுக்குத் திரும்பிவிட்டார் என்ற எண்ணம் நான்கு மாதமாக என்னை விடவில்லை.

முதலில் 'பாட்' என்ற சொல். பிராங்பேர்ட் விமான நிலையத்திலிருந்து வடக்கே வரும்போது பாட் ஹோம்பூர்க் என்ற பலகையையும், கொஞ்ச நேரத்தில் பாட் நௌஹைம் என்ற பலகையையும் கண்டு, கெட்ட ஊர்களுக்கு இந்த நாட்டு அரசாங்கமே பலகை வைத்து எச்சரிக்கிறதா என்று அவர் கேட்டார். ஆங்கிலத்தில் வாசித்தால் அப்படித்தான் இருக்கும். ஜேர்மன் மொழியில் அது குளியல். நோய் தீர்க்கும் நீராடலுக்குப் பெயர்பெற்ற ஊர்கள், மாநில அரசு அங்கீகரித்த பிறகு, அந்தச் சொல்லைத் தம் பெயருக்கு முன்னால் பட்டம் போலச் சூடிக்கொள்கின்றன. எல்விஸ் பிரெஸ்லி இராணுவ சேவைக்காக இங்கே வந்திருந்தபோது குடியிருந்தது அந்தக் 'கெட்ட' நௌஹைமில்தான் என்று அவருக்குச் சொல்லு. அவருக்குப் பாட்டுப் பிடிக்கும் என்று நீ சொன்னதாக நினைவு.

உனக்கு ஜேர்மன் மொழி தெரியும். பள்ளிக்கூடத்தில் ஜேர்மன் பிள்ளைகளைவிட அதிக புள்ளி எடுத்து வந்தவள் நீ. அவருக்கு நீயே திருத்திச் சொல்லியிருக்கலாம். நீயும் சேர்ந்து சிரித்தாய். ஒரு பலகையை வாசிப்பதற்கு முன் அது எந்த மொழிப் பலகை என்று பார்க்க வேண்டும் என்று உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்.

பிறகு வோர்ம்ஸ். 1521ஆம் ஆண்டு மார்ட்டின் லூதர் பேரரசர் ஐந்தாம் சார்ள்ஸ் முன்னிலையில் தன் எழுத்துகளைத் திரும்பப் பெற மறுத்த சபை அங்கேதான் கூடியது. அந்தச் சபையை ஆங்கிலத்தில் 'டயட் ஒஃப் வேர்ம்ஸ்' என்று எழுதுவதால், ஆங்கிலேயப் பள்ளிப்பிள்ளைகள் லூதருக்குப் புழுக்களைச் சாப்பாடாகக் கொடுத்தார்கள் என்று எண்ணிச் சிரிப்பார்களாம். அந்த ஊரின் பழைய பெயர் போர்பெட்டோமாகுஸ். கெல்ற்றிய மொழிப் பெயர். புழு அதில் எங்கும் இல்லை. கென்னடி பற்றி அவர் சொன்னதும் அப்படித்தான். 1963 ஜூன் 26ஆம் திகதி மேற்கு பேர்லினில் 'நான் ஒரு பேர்லினர்' என்று கென்னடி சொன்னபோது, தான் ஒரு ஜாம் பணிஸ் என்று சொல்லிவிட்டார் என்பது ஆங்கிலம் பேசுபவர்கள் பின்னாளில் கட்டிய கதை. அவர் பேசியது சரியான ஜேர்மன். பேர்லின்காரர்கள் அந்தப் பணிசை 'பேர்லினர்' என்று அழைப்பதுகூட இல்லை. அவர்களுக்கு அது 'ப்பான்கூக்கன்'.

பவேரியாவில் கிஸ்ஸிங் என்று ஓர் ஊர் உண்டு. ஒஸ்ரியாவில் இன்னொரு கிராமம் இருந்தது. அதன் பெயரை ஒரு தகப்பன் மகளுக்கு எழுத முடியாது. ஆங்கிலம் தெரிந்த பயணிகள் அதன் பெயர்ப்பலகையைத் திரும்பத் திரும்பத் திருடிக்கொண்டு போனதால் பொறுக்க முடியாமல், 2021ஆம் ஆண்டு தை முதலாம் திகதியிலிருந்து அந்த ஊரார் தங்கள் ஊரின் பெயரையே ஃபுகிங் என்று மாற்றிக்கொண்டார்கள். இன்னாருடைய ஆட்கள் வாழும் இடம் என்பதைத்தான் அந்த 'இங்' குறிக்கிறது. இங்கிலாந்தின் ரெடிங்கிலும் ஹேஸ்ரிங்ஸிலும் இருப்பது அதே 'இங்' என்பதை ஆங்கிலம் பேசுபவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

நம்முடைய ஹம் நகரத்தையும் அவர் விடவில்லை. ஹம், ஹாம்பூர்க், ஹாம்பேர்கர், எல்லாம் பன்றி இறைச்சிதானா என்று கேட்டார். ஹாம்பேர்கரில் பன்றி இறைச்சி இல்லை; அது ஹாம்பூர்க் நகரத்தின் பெயரால் வந்த சொல். அதில் 'ஹாம்' தனி, 'பேர்கர்' தனி என்று பிழையாகப் பிரித்தவர்களும் ஆங்கிலம் பேசுபவர்கள்தான். 1226இல் உருவான நம்முடைய ஊருக்கு அந்தப் பெயர் வந்தது லிப்பே ஆற்றுக்கும் ஆஸே ஆற்றுக்கும் இடையில் மூலைபோல் கிடந்த நிலத்தால். நீ இருக்கும் ஈஸ்ட் ஹாமிலும் பக்கத்து வெஸ்ட் ஹாமிலும் இருப்பது அதே பழஞ்சொல்தான். அங்கேயும் ஆறுகளுக்கும் சதுப்புக்கும் இடைப்பட்ட நிலம் என்றே பொருள். ஓர் ஆற்று மூலையில் வளர்ந்து இன்னோர் ஆற்று மூலைக்குத்தான் போயிருக்கிறாய். இதை வாசித்த அன்று இரவே உனக்குத் தொலைபேசி எடுக்க நினைத்தேன். எடுக்கவில்லை.

'அவுஸ்ஃபார்ட்' என்ற பெரிய நகரம் எங்கே இருக்கிறது, எல்லாப் பாதையும் அங்கேயே போகிறதே என்று அவர் கேட்டபோது அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வாகனங்கள் வெளியேறும் வழி என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். அந்தச் சொல்லின் பின்பாதி ஆங்கிலக் காதுக்கு எப்படிக் கேட்கும் என்பதை அம்மாவுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது. அதற்குப் பிறகுதான் அவர், தங்கியிருந்த இடத்தின் முகவரி என்று எண்ணி 'ஐன்பான்ஸ்ட்ராஸ' என்று எழுதிக்கொண்டு போய்த் தொலைந்த சுற்றுலாப் பயணியின் பகிடியைச் சொன்னார். நீ உடனே, "அது எங்கள் அம்மாவின் கதை!" என்றாய். எல்லோரும் சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை. ஹம் வரும்வரை வாய் திறக்கவும் இல்லை. அந்தத் தம்பியை எனக்குப் பிடிக்கவில்லை என்று நீ எடுத்துக்கொண்டாய் என்பது விமான நிலையத்தில் நீ விடைபெற்ற விதத்திலேயே தெரிந்தது.

1986ஆம் ஆண்டு தை மாதம், இந்த ஊருக்கு வந்த நான்காம் நாள், அந்தச் சொல்லைத் துண்டில் எழுதியவன் நான். நாங்கள் தங்கியிருந்த விடுதியான ஹைமின் வாசலில் நீல நிறத்தில் ஒரு பலகை, அம்புக்குறி, அதன் நடுவே அந்த எழுத்து. 'ஸ்ட்ராஸ' என்றால் தெரு என்பது எனக்குத் தெரிந்திருந்தது. ஒருவழிப் பாதை என்பது தெரிந்திருக்கவில்லை. "எல்லாத் தெரு முனையிலும் இதே பெயர் இருக்கிறதே, ஒருக்கால் யாரையாவது கேளுங்கள்" என்று அம்மா புறப்படும்போதே சொன்னார். எனக்கு ஆங்கிலம் தெரியும், இங்கிலீசும் ஜேர்மனும் ஒரே இனம், நீ பேசாமல் வா என்று சொன்னேன். அண்ணனை வயிற்றில் வைத்துக்கொண்டு, ரப்பர் செருப்போடு, அவர் மூன்று மணித்தியாலம் பனியில் என் பின்னால் நடந்தார். அந்தத் துண்டைக் காட்டிய இடத்தில் எல்லாம் ஆட்கள் சிரித்தார்கள். ஒரு கிழவி, இதுவும் அதுதான், அதுவும் அதுதான் என்று நாலு பக்கமும் கையைக் காட்டினாள். மறுநாள் மாமா ஆட்கள் கேட்டபோது, இவள்தான் எழுதினாள் என்று சொல்லிவிட்டேன். அன்று தொடங்கி உன் பிறந்தநாள்களிலும் அண்ணனின் கல்யாணத்திலும் நானே அந்தக் கதையைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்திருக்கிறேன். அம்மா ஒரு நாளும் மறுத்துச் சொன்னதில்லை. அன்று காரிலும் அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே வெளியே பார்த்தார்.

ஆகவே அந்தத் தம்பி மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவரிடம் இதை நீ சொல்லலாம், அண்ணனிடமும் சொல்லலாம். அம்மாவிடம் நானே சொல்ல வேண்டும், இன்னும் சொல்லவில்லை. நீ அம்மாவுக்கு ஒரு தடவை அழை. என்னோடு கதைக்க வேண்டும் என்று இல்லை, அம்மாவுக்கு அழை.

அடுத்த முறை இருவரும் டோர்ட்முண்ட் விமான நிலையத்துக்கே வாருங்கள், அது நமக்குக் கிட்ட. நடந்து வெளியே வருபவர்களுக்கு 'அவுஸ்காங்' என்றுதான் எழுதியிருக்கும், வாகனங்களுக்குத்தான் 'அவுஸ்ஃபார்ட்'. அவரிடம் இப்போதே சொல்லிவை. அம்மாவும் நானும் அந்தப் பலகையின் கீழே நிற்போம்.

இப்படிக்கு,
அப்பா