பழைய காருக்குப் பழைய கார்: அது வீண் செலவல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இருபது ஆண்டு பழைய ஸ்போர்ட்ஸ் காரைக் கொடுத்துவிட்டு ஏறக்குறைய அதே வயதுள்ள இன்னொன்றை வாங்குவது பணத்தை வீணாக்கும் செயல் என்றும், அந்தப் பணத்தை முன்பணமாகக் கட்டிப் புதிய கார் வாங்குவதே அறிவுடைமை என்றும் தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் அண்மையில் எழுதப்பட்டிருந்தது. தென்னாப்பிரிக்காவின் துறைமுக நகரான டர்பனில் வாழ்பவன், என் மாஸ்டா எம்.எக்ஸ்.-5 காரைக் கொடுத்து டொயோட்டா எம்.ஆர்.2 காரை வாங்கியவன் என்ற முறையில் இக்கருத்தை நான் மறுக்கிறேன். வேலைக்குச் செல்லவும் பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் கார் தேடுபவருக்கு அந்த அறிவுரை சரியே. இந்தக் கார்களை விரும்பி வைத்துப் பராமரிப்பவர்களுக்கு, அதிலும் தென்னாப்பிரிக்காவில் வாழ்பவர்களுக்கு, அது பொருந்தாது.

இந்நாட்டின் நிலைமையை முதலில் கூற வேண்டும். வெளிநாட்டில் ஓடிய பழைய கார்களைக் கொண்டுவந்து இங்கே பதிவு செய்வதற்குப் பொதுவாக அனுமதி கிடையாது. நிரந்தரமாகக் குடியேறுவோர் தம் சொந்தக் காரைக் கொண்டுவருவது, 40 ஆண்டைக் கடந்த பழங்கார்கள் போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. அவற்றுக்கும் முன்கூட்டியே அனுமதிப் பத்திரம் பெற வேண்டும். எங்கள் துறைமுகத்தில் ஜப்பானியப் பழைய கார்கள் கப்பல் கப்பலாக இறங்குவதைக் காண்கிறோம். ஆனால் அவை ஜிம்பாப்வே, ஜாம்பியா போன்ற அண்டை நாடுகளுக்குச் செல்பவை, இங்கே எண் தகடு பெற முடியாதவை. எம்.ஆர்.2 காரின் உற்பத்தி 2007இலும், அதே வகையைச் சேர்ந்த ஹோண்டா எஸ்2000 காரின் உற்பத்தி 2009இலும் நின்றுவிட்டன. ஆகவே இந்நாட்டில் இத்தகைய கார் ஒன்று நசுக்கப்பட்டால் அந்த இடத்தை நிரப்ப வேறொன்று வருவது மிக அரிது. புதிய காருக்கு ஈடாக இதை ஒரு விற்பனைக் கூடத்தில் விட்டால், அங்கே இதன் அருமை தெரிந்தவர் கையில் அது சேரும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. பாகம் பாகமாகக் கழற்றி விற்பவரிடம் போய்ச் சேரவும் கூடும். ஒரு விரும்பியிடமிருந்து இன்னொரு விரும்பிக்கு நேரடியாகக் கைமாறும்போது இரண்டு கார்களும் பிழைக்கின்றன. இதை வீண் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

வயது ஒன்றாக இருப்பதால் இவ்விரு கார்களும் ஒன்றுதான் என்று கட்டுரையாளர் எண்ணியதாகத் தெரிகிறது. அவற்றின் அமைப்பில் உள்ள வேறுபாடு மிகப் பெரிது. எம்.எக்ஸ்.-5, 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் முதன்முதலாக மக்கள் முன் வைக்கப்பட்டது. எஞ்சின் முன்னால் இருந்து பின்சக்கரங்களைச் சுழற்றும் பழைய முறைதான். ஆயினும் எஞ்சினை முன் அச்சுக்குப் பின்னே தள்ளி வைத்ததால் எடை முன்னும் பின்னும் ஏறத்தாழச் சரிபாதியாக விழுகிறது. கியர்பாக்ஸையும், பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியலையும் ஓர் அலுமினியச் சட்டம் நேராகப் பிணைப்பதால், ஆக்ஸிலரேட்டரை மிதித்த அக்கணமே விசை தொய்வின்றிச் சக்கரத்துக்குச் செல்கிறது. அதை உருவாக்கிய குழுவின் தலைவர் தோஷிஹிகோ ஹிராய், குதிரையும் அதில் ஏறியவனும் ஓருடலாக இயங்குவது போன்ற காரை வேண்டினார். என்னிடம் இருந்தது 1998இல் வந்த இரண்டாம் தலைமுறை. எழுந்து நிற்கும் முகப்பு விளக்குகள் நீக்கப்பட்டது, 1.8 லிட்டர் எஞ்சின் கொண்டது. புதியவரையும் கைவிடாத கார் அது. வளைவில் சற்று வேகம் மிகுந்துவிட்டால் முன்னதாகவே உணர்த்தி, திருத்திக்கொள்ள அவகாசமும் கொடுக்கும்.

எம்.ஆர்.2 அப்படிப்பட்டதன்று. 1999இல் வெளிவந்த மூன்றாம் தலைமுறையில் 1.8 லிட்டர் எஞ்சின் இருக்கைகளுக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால் குறுக்காக அமர்ந்திருக்கிறது. ஆற்றல் சுமார் 140 குதிரைத்திறன், எடை சுமார் 1000 கிலோ. முன்பக்கத்தில் பாரம் குறைவாக இருப்பதால் ஸ்டியரிங்கைச் சிறிது திருப்பினாலே கார் உடனே திரும்புகிறது. போத்தாஸ் ஹில், டிரம்மண்ட், இஞ்சங்கா வழியாக மலைகளில் வளைந்து செல்லும் பழைய மெயின் ரோட்டில் இதன் அருமை முழுமையாக விளங்கும். ஆனால் மழை பெய்த சாலையில், வளைவின் நடுவே அச்சத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால், பின்பாரம் காரின் பின்பக்கத்தை வெளியே வீசி விடும். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்து, நடுவில் காலை நிதானமாக வைத்திருக்கப் பழக வேண்டும். பல ஆண்டுகள் ஒரு காரையே ஓட்டிய ஒருவருக்கு இது புதிய கல்வி. எவ்வளவு ஆற்றல் மிக்க புதிய காரை வாங்கியிருந்தாலும் இதை நான் கற்றிருக்க முடியாது.

என்னுடன் காரை மாற்றிக்கொண்டவர் டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் வாழும் மூத்தவர். நான் அவரை மாமா என்றே அழைப்பேன். எம்.ஆர்.2 காரில் டிக்கி என்று சொல்லத்தக்க இடமே இல்லை. முன்பக்கம் உபரிச் சக்கரம் இருக்கிறது, இருக்கைகளுக்குப் பின்னே ஒரு சிறு பெட்டி இருக்கிறது. மனைவியுடன் டிராக்கன்ஸ்பெர்க் மலைப்பக்கம் இரண்டு நாள் தங்கிவர விரும்பும் அவருக்கு, சிறிதாயினும் முறையான டிக்கி கொண்ட எம்.எக்ஸ்.-5 தேவைப்பட்டது. இருவரும் தாம் விரும்பியதைப் பெற்றோம்.

"காரைப் பார்க்குமுன் அதன் அடியைப் பார், தம்பி" என்று அவர் கூறியதை, மாற்றம் செய்ய எண்ணும் ஒவ்வொருவருக்கும் நான் சொல்ல விரும்புகிறேன். டர்பனின் கடற்காற்றில் உப்பும் ஈரமும் ஆண்டு முழுவதும் உண்டு. எஞ்சினுக்கு முன்பே உடல்தான் அழிகிறது. எம்.எக்ஸ்.-5 காரில் மடிக்கும் கூரையிலிருந்து மழைநீர் இறங்கும் துளைகள் இருக்கைகளுக்குப் பின்னே உள்ளன. அவை இலைச் சருகால் அடைபட்டால் நீர் கதவுக்குக் கீழுள்ள பக்கச் சட்டத்தினுள் தேங்கி உள்ளிருந்தே துருப்பிடிக்கும். வெளியே பட்டி தடவி வண்ணம் அடித்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. எம்.ஆர்.2 காரில் எஞ்சினைத் தாங்கும் பின்புற அடிச்சட்டத்தைத் தட்டிப் பார்க்க வேண்டும். அதன் எஞ்சினில் இன்னொரு குறை உண்டு. எஞ்சினை ஒட்டிய புகைக்குழாயில் உள்ள, புகையைச் சுத்திகரிக்கும் சிறிய கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்களின் பீங்கான் உள்ளமைப்பு நாளடைவில் பொடிந்து, அந்தத் தூள் திரும்ப சிலிண்டருக்குள் இழுக்கப்பட்டு அதன் சுவர்களைக் கீறிவிடும். பிறகு எஞ்சின் ஆயிலைக் குடிக்கத் தொடங்கும். அக்குழாயில் பொருத்தியுள்ள ஆக்ஸிஜன் சென்சார்களைக் கழற்றி அந்தத் துளை வழியே விளக்கடித்துப் பார்த்தால் உள்ளமைப்பு முழுமையாக இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். சிறிது நேர வேலைதான். இதைச் செய்ய மறுக்கும் உரிமையாளருடன் மாற்றம் பேசவே வேண்டாம். 2022 ஏப்ரலில் எங்கள் மாகாணத்தை அழித்த பெருவெள்ளத்தில் டர்பனை அடுத்த பிராஸ்பெக்டனில் உள்ள டொயோட்டா தொழிற்சாலையே நீரில் மூழ்கியது என்பதை வாசகர்கள் அறிவர். இங்கே வாங்கும் எந்தக் காரிலும் தரைவிரிப்பைத் தூக்கி அடியில் சேற்றுப் படிவு உள்ளதா என்று பார்ப்பது நலம்.

நம் மக்கள் மிகவும் அசட்டையாக இருப்பது ஆவணங்கள் விஷயத்தில்தான். சாவியைக் கொடுத்துச் சாவியை வாங்கி, கைகுலுக்கி, "எல்லாம் நம்மவர்தானே" என்று விட்டுவிடுகிறார்கள். சட்டத்தின் பார்வையில் அவை இரண்டு தனித்தனி உரிமை மாற்றங்கள். ஒவ்வொரு காரையும் கொடுப்பவர் உரிமை மாற்ற அறிவிப்பைத் தாக்கல் செய்ய வேண்டும். வாங்குபவர் சாலைத் தகுதிச் சான்றிதழ் பெற்று 21 நாட்களுக்குள் தம் பெயரில் பதிவு செய்ய வேண்டும். அதுவரை கேமராவில் விழும் அபராதம் எல்லாம் பழைய உரிமையாளரின் பெயருக்கே வரும். வங்கிக் கடன் தீராத காரில் உரிமைப் பட்டயம் வங்கியின் பெயரில் இருக்கும். அந்தக் காரைக் கொடுக்க அதை வைத்திருப்பவருக்கு உரிமையே இல்லை. எல்லாவற்றையும் விட முக்கியம் எஞ்சின் எண். ஜப்பானிலிருந்து வரும் பழைய எஞ்சின்கள் டர்பனில் தாராளமாகக் கிடைப்பதால், பல பழைய கார்களில் இப்போது இருப்பது பிறக்கும்போது இருந்த எஞ்சின் அன்று. மாற்றியதில் தவறில்லை, காவல்துறையின் ஒப்புதல் பெற்றுப் பதிவேட்டில் திருத்தாமல் விட்டதே தவறு. எண் பொருந்தாத காரை உங்கள் பெயருக்கு மாற்றவே முடியாது, ஆனால் உங்கள் பழைய கார் அதற்குள் கைவிட்டுப் போயிருக்கும்.

தனி நபர்களிடையே "ஃபூட்ஸ்டூட்ஸ்", அதாவது இருக்கும் நிலையிலேயே, என்று எழுதிக் கொடுப்பது இங்கே வழக்கம். தெரிந்தே குறையை மறைத்தவரை அந்தச் சொல் காப்பாற்றாது. எனவே துரு, ஆயில் குறைவு, விபத்து என்று அறிந்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுவது இருவருக்குமே பாதுகாப்பு. நானும் மாமாவும் அப்படித்தான் செய்தோம்; உறவு அதனால் குறையவில்லை.

காப்பீட்டையும் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். ஒருவரின் காப்பீடு காரோடு அடுத்தவருக்குப் போவதில்லை. சந்தை மதிப்பை மட்டும் தருவதாகச் சொல்லும் காப்பீட்டில், நன்கு பராமரித்த பழைய காருக்குக் கிடைப்பது மிகக் குறைவு. ஒப்புக்கொண்ட மதிப்புக்குக் காப்பீடு செய்ய மதிப்பீட்டுச் சான்றையும் படங்களையும் கொடுத்து, அந்த ஒப்புதல் எழுத்தில் வந்த பிறகே சாவியைக் கைமாற்ற வேண்டும். தங்கள் வாகனப் பக்கத்தில் எஞ்சின் எண் திருத்தம் பற்றியும் உரிமை மாற்ற நடைமுறை பற்றியும் விரிவான கட்டுரை ஒன்றை வெளியிட வேண்டுகிறேன். இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் பழைய ஜப்பானியக் கார் வைத்திருப்போர் பலர். அவர்களுக்கு அது உடனே பயன்படும்.

இங்ஙனம்,
டர்பன் வாசகர் ஒருவர்