குப்பத்து மணலில் மேடை போடுமுன்

ஆசிரியருக்கு,

தை பிறந்தால் சென்னைக் கடற்கரையில் கலைவிழா நடத்தும் பேச்சும் பிறந்துவிடும். ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015-இல் தொடங்கிய விழா, கர்நாடக இசையையும் பறையாட்டத்தையும் ஒரே மணலில் கேட்க வைத்ததிலிருந்து இந்த ஆசை பலருக்கும் உண்டு. நல்ல ஆசைதான். ஆனால் மாலையில் வெறுமையாகத் தெரியும் குப்பத்து மணல் காலி மனை இல்லை. வலை பிரிப்பதும் உலர்த்துவதும் அங்கேதான். விடியுமுன் படகு தள்ளுவதும் அந்த வழியில்தான். இடம் பார்க்கப் போகிறவர்கள் மாலை 5 மணிக்குப் போகாமல் விடியற்காலை 4 மணிக்கு ஒருமுறை போய் நின்றால், மேடை எங்கே வரக்கூடாது என்பது யாரும் சொல்லாமலே விளங்கும். படகுக்கும் அலைக்கும் நடுவே ஒரு நாற்காலிகூட வேண்டாம். மேட்டுப் பக்கமும் வழி விடுங்கள். கடல் சீறினால் படகுகளை அங்கேதான் ஏற்ற வேண்டும். ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் கேட்டுத் தேதி வையுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் கூடுதலாக ஏறும் என்பது அவர்களுக்கு நாள்காட்டி இல்லாமலே தெரியும்.

அடுத்து காற்று. மேடைக்குப் பின்னால் 20 அடிக்கு 10 அடி ஃபிளெக்ஸ் கட்டுகிறார்கள். மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று நேரே அறைந்தால் அதன்மேல் விழும் தள்ளுவிசை 115 கிலோவுக்குக் குறையாது. காற்றின் வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். படகில் கட்டினால் அதற்குப் பெயர் பாய்! நடுவில் ஓட்டை போடுவதால் பெரிய பயன் இல்லை. வலைத்துணி கட்டுங்கள், அல்லது கடலையே பின்திரையாக விட்டுவிடுங்கள். உலர்ந்த மணலில் முளை பிடிக்காது. மணல் மூட்டையைக் கயிற்றோடு 3 அடி ஆழத்தில் புதைத்து, அந்தக் கயிற்றில் கம்பத்தை இழுத்துக் கட்ட வேண்டும். மேலே சும்மா வைத்த மூட்டை வழுக்கிக்கொண்டு போகும். மேடைக் கால் ஒவ்வொன்றின் அடியிலும் ஓரடிச் சதுரப் பலகை அவசியம். ஜதியும் பறை அடவும் விழ விழ, அதிர்வில் மணல் இளகி ஒரு கால் மட்டும் இறங்கும். இடைவேளைதோறும் ஆப்பு தட்டிப் பார்க்க ஓர் ஆள் வேண்டும்.

மின்சாரத்தில் நடக்கும் தவறு எப்போதும் ஒன்றுதான். எர்த் கம்பியை உலர்ந்த மேல்மணலில் குத்திவிட்டு எர்த் கொடுத்தாகிவிட்டது என்பார்கள். உலர்மணலில் மின்சாரம் இறங்காது. கம்பி ஈரமணலைத் தொட வேண்டும். அதோடு மின்கசிவு வந்தால் இணைப்பைத் தானே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம். உப்பு ஈரம் ஒயர் இணைப்புகளில் படிந்து கசிவு ஏற்பட்டால் அது அடிக்கடி விழும். உடனே யாராவது அதை விலக்கிவிட்டு நேர் இணைப்பு கொடுப்பார்கள். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. இணைப்புகளை மணலில் போடாமல் தூக்கிக் கட்டினால் பாதித் தொல்லை தீரும்.

ஒலிக்கு இரண்டு பெரிய பெட்டிகளை முன்னால் அடுக்குவது பழைய பழக்கம். காற்று எதிரே வந்தால் பின்வரிசைக்குப் பாட்டு சேராது. வீடுகள் இருக்கும் பக்கம் அடித்தால் தெருவே அதிரும். சிறு பெட்டிகளை இடைவெளி விட்டு வைத்து, 20 மீட்டர் தள்ளியுள்ள பெட்டிக்கு ஏறத்தாழ 58 மில்லி விநாடி தாமதம் கொடுத்தால் எதிரொலி கேட்காது. மைக்கிற்குத் தடித்த ஸ்பாஞ்சு உறை போடுங்கள். சட்டப்படி இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கி நிற்க வேண்டும். படகு தள்ளுகிறவர்களின் தூக்கத்தை நினைத்தால் 9 மணிக்கே நிறுத்தலாம்.

ஈரக்காற்றில் தோல் தளர்ந்து மிருதங்கத்தின் சுருதி இறங்கும். மாற்று மிருதங்கம் ஒன்று உறைக்குள்ளேயே இருக்கட்டும். பறையைக் காய்ச்சியாக வேண்டும், அதற்கு நெருப்பு வேண்டும். ஒரு பொறி போதும், நைலான் வலை உருகி ஓட்டையாகிவிடும். ஃபைபர் படகும் எஞ்சின் எண்ணெயும் பக்கத்திலேயே இருக்கும். இரும்புச் சட்டியில், பொறி வலையையும் படகையும் நோக்கிப் பறக்காதபடி, காற்று அவற்றைக் கடந்து போகிற பக்கமாகத் தள்ளிக் காய்ச்சுங்கள். பக்கத்தில் ஒரு வாளி மணல்.

விளக்கு எதையும் கடலைப் பார்த்துத் திருப்ப வேண்டாம். கரை திரும்பும் படகுக்குக் கண் கூசும். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலமும்கூட. வெளிச்சம் கண்டால் தாய் ஆமை மணலில் ஏறாமலே திரும்பிவிடும், குஞ்சுகள் கடலை விட்டுச் சாலைப் பக்கம் ஊரும். நிகழ்ச்சி முடிந்ததும் விளக்குகளை உடனே அணைத்துவிட்டு, கைவிளக்கில் மேடையைப் பிரிக்கலாம்.

பிரித்த பிறகு, கயிற்றில் கட்டிய பெரிய காந்தத்தை மேடை இருந்த இடமெங்கும் இரண்டு சுற்று இழுங்கள். பந்தல் ஆணிகளும் கம்பித் துண்டுகளும் ஒட்டிக்கொண்டு வரும். காலையில் அதே மணலில் வெறுங்காலோடு வலை விரிப்பார்கள்.

இப்படிக்கு,
கடற்கரை நிகழ்ச்சிகளுக்கு மேடை, ஒலி, ஒளி அமைப்போர் சிலர்,
சென்னை.